மூன்று சொற்களும் ஒரு சிறுநகரும்



சொல்லை ஆள்வோர் கூடியிருக்கும் அவை இது. கவிஞன் ஒரு சொல்லைப் பிழையாக இட்டால் ஒரு பாட்டு கெடும். மருத்துவன் ஒரு நோய்க்குப் பிழையான பெயரை இட்டால் அதன் கேடு தலைமுறைகளையும் தொடரக்கூடும். இதய நோய் ஆராய்ச்சியின் வரலாற்றில் ஒரு சொல் மருத்துவரின் கண்ணை மறைத்தது. வேறொரு சொல் அக்கண்ணைத் திறந்தது. அவ்விரு சொற்களுக்கும் இடையே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்காம் என்னும் சிறுநகர் நிற்கிறது.

முதற்சொல் 'எசென்ஷியல்'. காரணம் புலப்படாத உயர் குருதியழுத்தத்துக்கு ஜெர்மானிய மருத்துவர் எபர்ஹார்ட் பிராங்க் 1911இல் இட்ட பெயரில் இச்சொல் இடம்பெற்றது. வேறொரு நோயின் விளைவாக வாராமல் தானே தோன்றுவது என்பதே அதன் கருத்து. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'இன்றியமையாதது' என்ற பொருளும் உண்டு. முதுமையில் நாளங்கள் தடித்து இறுகுகின்றன. அவற்றினூடே குருதியைச் செலுத்த அழுத்தம் உயர்ந்தே தீர வேண்டும் என்று மருத்துவர் பலர் எண்ணினர். அதனைக் குறைப்பது தீங்காய் முடியும் என்று அஞ்சியோரும் இருந்தனர். பெயரும் அவ்வெண்ணத்துக்குத் துணைநின்றது.

அவ்வெண்ணம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு ஒரு குடியரசுத் தலைவரின் மரணமே சான்று. 1944 மார்ச்சில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சோதித்த இதய மருத்துவர் ஹோவர்டு புரூன் கண்ட குருதியழுத்தம் 186/108. இதயம் தளர்ந்திருந்தது. ஓய்வும் உப்புக் குறைந்த உணவும் டிஜிட்டாலிசும் தரப்பட்டன. அழுத்தத்தைத் தணிக்கத் தக்க மருந்து அன்று இல்லை. வெள்ளை மாளிகை மருத்துவரோ, வயதுக்கேற்ற நல்ல உடல்நிலையே என்று மக்களுக்கு உரைத்துவந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியர் ஒருவர் தம் உருவத்தைத் தீட்டிக்கொண்டிருக்கையில், தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று கூறிச் சாய்ந்தார் ரூஸ்வெல்ட். அப்போது கண்ட அழுத்தம் 300/190க்கு மேல். மூளையில் குருதி கசிந்து, அன்றே உயிர் பிரிந்தது. வயது 63.

அமெரிக்காவில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அக்காலத்தில் இதய நோயே. 1948 ஜூன் 16 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டிலேயே பிரேமிங்காமில் ஆய்வு தொடங்கியது. பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், 28,000 பேர் வாழ்ந்த ஊர் அது. ஆய்வின் புதுமை அதன் எளிமையில் இருந்தது. நோயுற்றோரை நோக்காமல் நலமாயிருப்போரை நோக்குவது. அவருள் யாருக்கு, எப்போது, எதனால் நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து காண்பது.

காத்திருக்க ஊரார் இசைய வேண்டுமே! நோயில்லாதவரை மருத்துவமனைக்கு வருமாறு அழைப்பது எளிதன்று. ஊர் மக்களே குழு அமைத்து, அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டினர். 5,209 பேர் இசைந்தனர். அவருள் 2,873 பேர் பெண்கள். ஆண்களின் நோயாகவே மாரடைப்பைக் கருதிவந்த காலத்தில் இது பெரிய செய்தி. ஈராண்டுக்கு ஒருமுறை அவர்கள் வந்தனர். எடையும் அழுத்தமும் அளக்கப்பட்டன, குருதி எடுக்கப்பட்டது, இதயத்தின் மின்னோட்டம் தாளில் வரையப்பட்டது, புகைக்கும் வழக்கம் வினவப்பட்டது. 1949இல் பொறுப்பேற்ற தாமஸ் டாபர் இப்பணியை வழிநடத்தினார்.

நான்காண்டுக் கணிப்பு 1957இல் வெளிவந்தது. உயர்ந்த குருதியழுத்தம் உடையோரிடம் இதய நோய் பன்மடங்கு மிகுந்து காணப்பட்டது. 1961இல் வில்லியம் கேனலும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில்தான் இடரை விளைக்கும் காரணிகள் என்னும் தொடர் இடம்பெற்றது. தமிழில் 'இடர்க்காரணி' எனப்படும் இரண்டாம் சொல் இதுவே. மாரடைப்பு திடீரென விழும் இடியன்று. அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகிய படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி வருவது என்பதை அச்சொல் அறிவித்தது. விதி என்று விட்டதை வினை என்று காணச்செய்தது. அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் இதயத் தளர்ச்சியும் குறையும் என்பதை, எட்வர்டு பிரைஸ் முன்னாள் படைவீரரிடம் நடத்திய ஆய்வு 1967இலும் 1970இலும் மெய்ப்பித்தது. அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில், வயதுக் கணக்கை நேர்செய்து நோக்குங்கால், அந்நாட்டில் இதய நோயால் இறப்போர் வீதம் பாதிக்கும் கீழாகத் தாழ்ந்தது.

ஆயினும் இவ்வாய்வு இடையிலேயே நின்றுவிட இருந்தது. இருபதாண்டுகளுக்கென வகுத்த திட்டம் நிறைவுறும் வேளையில் அரசு பொருளுதவியை முடித்துக்கொள்ள முற்பட்டது. டாபர் தனியாரிடமும் பொதுமக்களிடமும் நிதி திரட்டினார். ஆய்வு பிழைத்தது. 1971இல் முதல்வரின் மக்களும், 2002இல் பேரமக்களும் சேர்க்கப்பட்டனர்.

குறையும் இல்லாமல் இல்லை. முதலில் சேர்ந்தோர் ஏறக்குறைய அனைவரும் ஐரோப்பிய வழியினர். பிற இனத்தவரை 1994இல்தான் சேர்த்தனர். ஓர் ஊரின் கணக்கு உலகுக்குப் பொருந்துமா என்னும் வினாவுக்கு, 52 நாடுகளில் நிகழ்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் விடை தந்தது. காரணிகள் எங்கும் பெரிதும் ஒன்றே. ஆனால் தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு பிறரினும் ஏறத்தாழ ஆறாண்டு முன்னதாகவே வருகிறது என்பதும் அதன்வழித் தெரிந்தது. பிரேமிங்காமின் பாடம் பிரேமிங்காமைவிட இம்மண்ணுக்கு அவசரமானது.

இங்கேதான் மூன்றாம் சொல் வருகிறது. உயர் குருதியழுத்தத்தைத் தமிழ் மக்கள் 'இரத்தக் கொதிப்பு' என்கின்றனர். உயிருள்ள, உவமை நிறைந்த சொல். ஆனால் பொருளைப் பிறழ உணர்த்தும் சொல். கொதிப்பது கொதிக்கும்போது தெரியும். ஆவி எழும், ஒலி எழும். இந்நோய்க்கோ பெரும்பாலும் அறிகுறியே இல்லை. சினமற்றவர், படபடப்பற்றவர், 'எனக்கு ஏது கொதிப்பு?' என்று அளந்து பாராமல் இருந்துவிடுகிறார். மருந்துண்பவர், உடலில் கொதிப்புத் தோன்றாதபோது மாத்திரையை நிறுத்திவிடுகிறார். 'எசென்ஷியல்' மருத்துவரை ஏய்த்ததுபோல இச்சொல் நோயாளரை ஏய்க்கிறது.

மாரடைப்பே ஓசையின்றி வந்துபோவதும் உண்டு. பிரேமிங்காமில் முப்பதாண்டுகள் எடுத்த மின்வரைவுகளை ஆய்ந்து 1984இல் வெளியிட்டபோது, மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை வந்த வேளையில் அறியப்படாதவை எனத் தெரிந்தது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, வலியேதும் காட்டாதவை. நெஞ்சொடு பேசுவதும் நெஞ்சைப் பேசவைப்பதும் தமிழ்ப் பாட்டின் தொன்றுதொட்ட மரபு; திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு. உள்ளமாகிய நெஞ்சு பேசும். உறுப்பாகிய நெஞ்சோ பலவேளை பேசுவதில்லை. அதன் சார்பில் கைப்பட்டையும் பாதரசமும்தான் பேச வேண்டியிருந்தது.

இவ்வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடுகிறது. பத்தாம் ஆண்டில் பிரேமிங்காமின் கையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முதற்கணிப்பும், மீண்டும் வருவோம் என்ற மக்களின் வாக்குமே இருந்தன. அவ்வாக்கைக் காத்தவர்களுள் மிகப்பலர் இன்று இல்லை. அவர்கள் தந்த எண்களைக் கொண்டே இன்று எங்கோ ஒரு மருத்துவர் ஒருவரின் கையில் பட்டையைச் சுற்றுகிறார். 'கொதிப்பு' என்பதற்கு ஈடாக, ஓசையின்றி உயரும் அழுத்தத்தை உள்ளபடி உணர்த்தி, ஊர்வாயில் நிலைக்கத்தக்க ஒரு தமிழ்ச்சொல் இன்னும் வேண்டப்படுகிறது. அதனை ஆக்கித்தரும் உரிமை கவிஞர்க்கு உண்டு. அதற்கு முன், அவையில் உள்ளோர் ஒவ்வொருவரும் தம் அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு.