வரம்பும் வண்டியும்



சென்ற சிறுபோகத்தில், ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் ஐவர் மூன்று மோட்டார் சைக்கிள்களில் கல்முனையிலிருந்து மேற்கே புறப்பட்டோம். தார்வீதியை விட்டுக் கிரவல் பாதையிலும் வண்டித் தடத்திலும் திரிந்து, மறுநாள் திரும்புவதே எங்கள் எண்ணம்.

நற்பட்டிமுனை கடந்து கிட்டங்கித் தாம்போதியில் ஏறினோம். மாரியில் வெள்ளம் மேவிப் பாயும் அவ்விடம் அன்று காய்ந்து கிடந்தது. சவளக்கடைக்கு அப்பால், குறுக்குவழி தேடி வாய்க்கால் வரம்பில் வண்டியை விட்டோம். சில்லு புதைந்தது. வேகத்தைக் கூட்டினோம். வரம்பு உடைந்து தண்ணீர் வெளியேறிற்று.

ஓடிவந்த முஸ்லிம் பெரியவர் ஏசவில்லை. மண்வெட்டியை நீட்டி, "தம்பிமாரே, முதல்ல இத அடைங்க, பிறகு கதைப்பம்" என்றார். "பிழை எங்கடதான் காக்கா" என்று சேற்றில் இறங்கினோம். அடைத்து முடிந்ததும் தேநீர் தந்தார். "இது முறைத்தண்ணி. இண்டைக்குப் போனா அடுத்த முறை மட்டும் பயிர் காயும்" என்றார்.

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். இங்கினியாகலையில் தேங்கும் நீரை, கடைசியில் ஒரு முழ வரம்பே காக்கிறதென்று அன்றுதான் கண்டோம்.

அன்றிரவு மண்டூரில் தங்கி, ஞாயிறன்று முருகனை வணங்கி, குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடந்து வீடு வந்தோம்.

நண்பர்களே, நம் ஊரின் உட்பாதைகளைக் காணப் புறப்படுங்கள். வரம்பு வந்தால் இறங்கி நடவுங்கள். அறுவடை நாளில் அப்பெரியவரிடம் மீண்டும் சென்றோம், வண்டிகளைத் தடத்திலேயே நிறுத்திவிட்டு.