நெல்லிக்காய் இளைத்துவிட்டதா?

நூறு கிராம் நெல்லிக்காயில் வைட்டமின் சி 600 மில்லிகிராம் என்றது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. அதே நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் அது சுமார் 250தான். நெல்லிக்காய் இளைத்துவிட்டதா? ரகமும் மண்ணும் பருவமும் மாறினால் சத்தும் மாறும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அளக்கும் முறையையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

ஆய்வகங்களின் பழைய வழி சாயச் சோதனை. அமிலம் கலந்த சாற்றில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வைட்டமின் சி இருக்கும்வரை நிறம் மறையும். தீர்ந்ததும் இளஞ்சிவப்பு நிலைக்கும். செலவான சாயம்தான் கணக்கு. சிக்கல் என்னவென்றால், சாயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. நிறத்தைப் போக்கும் வேறு பொருள்களும் வைட்டமின் கணக்கில் ஏறிவிடும். துவர்ப்பு மிகுந்த நெல்லிக்காயில் இந்த ஐயம் வலுக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த வைட்டமின் சியோ, உடலுக்குப் பயன்பட்டாலும், சாயத்தின் கண்ணில் படாது. உயர்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவி பொருள்களைப் பிரித்துவிட்டுத்தான் அளக்கிறது. அதற்காகச் சாயத்தைத் தூக்கிப் போட வேண்டுமா? எலுமிச்சைச் சாற்றுக்கு அது போதும், மலிவும்கூட. அந்த விலையுயர்ந்த கருவியும், காயை அரைத்த கையோடு அமிலம் சேர்க்காவிட்டால், காற்றில் சிதைந்தது போக மிச்சத்தைத்தான் சொல்லும்.