நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் துன்பம் பிறக்கும் வழியைப் பன்னிரண்டு சார்புகளாகச் சொல்கிறார். பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் தொடர் அது. முன்னது இருந்தால் பின்னது எழும். முன்னது அற்றால் பின்னதும் அறும். பாலி நூல்கள் பட்டிச்ச சமுப்பாதம் என்று சொல்வதற்குத் தமிழில் கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் எல்லாவற்றையும் தந்துவிட்டார்.

இத்தொடரை எங்கே அறுப்பது? ஊறு, நுகர்வு, வேட்கை என மூன்றும் அடுத்தடுத்து வரும் இடத்தில். கண்மூடி அமர்ந்தவரின் புறங்கையில் கொசு கடிக்கிறது. கடி ஊறு, சுரீரென்ற அரிப்பு நுகர்வு, அடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு வேட்கை. கை எழுவதற்கு முன்புள்ள அந்த ஒரு நொடிதான் தியானத்தின் களம். சீலம் என்னும் ஒழுக்கத்தின் களமும் அதுவே. கொல்லாமை நோன்பு கையைப் பிடித்து நிறுத்தினால்தான் அரிப்பு எழுந்து, ஏறி, தானே அடங்குவதைப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஒழுக்கம் தியானத்துக்கு முன்னுரை என்று சொல்வது போதாது. அது தியானத்தின் ஒரு பகுதி.

ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் இருபத்துமூன்று இயல்கள் கொண்டது. முதல் இரண்டு சீலம், அடுத்த பதினொன்று சமாதி, எஞ்சிய பத்தும் பஞ்ஞை என்னும் மெய்யறிவு. சீலத்துக்கு இடம் குறைவுதான். ஆனாலும் அது இல்லாமல் அடுத்த இயலுக்குள் நுழைய வழியில்லை. புத்தகோசர் தங்கியதாகச் சொல்லப்படும் மயூரபட்டினம் மயிலாப்பூரா, மயிலாடுதுறையா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. மயிலைக்காரர்கள் இதில் நடுநிலை வகிப்பது கடினம்.

1898-ல் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தன. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு அயோத்திதாசர், அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அவரிடத்தில் சீலம் தனிமனிதத் தூய்மையோடு நிற்கவில்லை. பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவர்கள் ஒழுக்கத்தால் தம்மைத் தாமே வரையறுத்துக்கொள்ளும் உரிமையாக அது மாறியது. தமிழகத்துப் பௌத்தத்தின் வரலாற்றைச் சொல்லும் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' வெளிவர 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருமுடிவாக்கத்து விபாசனா மையத்தில் இன்றும் பத்து நாள் பயிற்சி ஐந்து சீலங்களை ஏற்ற பிறகே தொடங்குகிறது. மூன்று நாள் மூச்சைக் கவனித்தல், பின் உடலெங்கும் எழும் உணர்ச்சிகளைக் கவனித்தல், பேச்சு இல்லை. மன அழுத்தம் தணிக்கவென்று நகரில் நடக்கும் ஒரு மணி நேர வகுப்புகள் பெரும்பாலும் மூச்சை வைத்துக்கொண்டு சீலத்தை விட்டுவிடுகின்றன. அதனால் நிம்மதி கிடைக்கலாம். அறவணர் சொன்ன தொடர் அறுவதில்லை.

காமத்துக்கு மாற்றாக நிலையாமை, துன்பம், ஆன்மாவின்மை, தூய்மையின்மை ஆகியவற்றை நினைக்கச் சொல்கிறார் அறவணர். மயக்கத்துக்குக் கேள்வியும் சிந்தனையும் பாவனையும் தரிசனமும் மருந்து. வெகுளிக்கு மைத்திரி, கருணை, முதிதை என மூன்றே. பாலி மரபில் நான்காவதாக வரும் உபேட்சை அங்கே காணப்படவில்லை. யாப்பு இடம் தரவில்லையா, சாத்தனார் கற்ற மரபே அப்படியா என்பது இன்னும் கேட்க வேண்டிய கேள்வி.