ஊரைக் கேளாது ஊர்ப்படம் வரையலாமா?

(கமக்காரரும் சட்டத்தரணிகளும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு பிரதேசத்தை அபிவிருத்தி செய்யப் புறப்படும் எந்தத் திட்டமும் முதலில் ஒரு படத்தையே விரிக்கின்றது. எந்த ஊருக்கு வீதி, எந்தக் குளத்துக்குத் திருத்தம், எந்தக் குடும்பத்துக்கு உதவி என்பனவெல்லாம் அப்படத்தைப் பார்த்தே முடிவு செய்யப்படுகின்றன. முன்னர் நில அளவையாளர் சங்கிலியோடு வந்து, விதானையாரையும் காணிக்காரரையும் கேட்டு அதனை வரைந்தார். இன்றோ, செய்மதி எடுத்த படத்தைக் கணினி தானே வாசித்து, இது வீடு, இது வயல், இது காடு என்று பிரித்து, ஊரின் எல்லையையும் தானே கீறிவிடுகின்றது. ஊரில் ஒருவரும் காலடி வைக்காமலே ஊர்ப்படம் தயாராகிவிடுகின்றது. இதைப் பற்றியே இன்று நாம் உங்களோடு பேச விரும்புகின்றோம்.

நாம் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்லோம். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள டோகோ நாட்டில், கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில், வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க வழியிருக்கவில்லை. செய்மதிப் படங்களின் துணைகொண்டு மிக வறிய 100 பிரதேசங்களைக் கணினி தெரிந்தெடுத்தது. கைத்தொலைபேசிப் பாவனையைக் கொண்டு அங்குள்ள வறியவர்களைத் தெரிந்தெடுத்தது. பல்லாயிரம் பேருக்குப் பணம் சென்றடைந்தது. அது நன்மையே. ஆயினும் அதனை ஆராய்ந்த அறிஞர்களே, முறையான குடும்பப் பதிவேடு ஒன்று இருந்திருப்பின் அதுவே கூடுதலாகச் சரியாக இருந்திருக்கும் என்று கணித்தனர். தொலைபேசி இல்லாத ஏழையைக் கணினி அறியவுமில்லை.

இக்கணினி நம் நிலத்தை எவ்வாறு காண்கின்றது? லான்ட்சாட் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. நம் தோட்டக்காணி அளவில் அது ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. ஒரு குடிசையும், கிணறும், மிளகாய்த் தோட்டமும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். சென்டினல்-2 செய்மதியின் புள்ளி 10 மீற்றர், அது நுணுக்கமானதே. ஆனால், காலபோகத்து நெல் பச்சை விரித்து நிற்கும் மார்கழியில் மழைமுகில் வானத்தை மூடிவிடுகின்றது. தெளிந்த படம் கிடைப்பது கோடையிலே. கோடையிலோ நம் மானாவாரி வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். அந்த ஒரு படத்தை மட்டும் வாசிக்கும் கணினி, "இங்கே பயிரில்லை" என்றே எழுதும். முகிலை ஊடுருவும் ராடர்ப் படங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்பது நம் உரிமை.

பனையும் தென்னையும் மாவும் மறைத்து நிற்கும் கிடுகு வீட்டை மேலிருந்து காண்பதும் அரிது. கணினி கொண்டு கட்டிடங்களைக் குறித்து வெளியிடும் கூகிள் நிறுவனமே, ஒவ்வொரு கட்டிடத்துக்கும் அது எவ்வளவு நிச்சயம் என்பதைக் காட்டும் எண் ஒன்றைச் சேர்த்தே வெளியிடுகின்றது. செய்தவர் ஐயத்தோடு கொடுத்ததை, வாங்கும் உத்தியோகத்தர் வேதவாக்காகக் கொள்ளலாமா?

சட்டம் படித்த நாம் இவ்விடத்தில் ஒரு பழைய சட்டத்தை நினைவூட்ட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்று ஊகித்தது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில் விழுந்தது. இன்றைய கணினிப் படம் சட்டமல்ல. ஆனால் அதே ஊகத்தை அது ஓசையின்றிச் செய்கின்றது.

போரினால் பெயர்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகள் உழப்படாத வயலில் பற்றை வளர்ந்தது, பற்றை காடாயிற்று, குளக்கட்டின் மேலும் மரம் நின்றது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது காடு. உறுதி வைத்திருப்பவருக்கு அது பாட்டன் உழுத வயல். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் வாழ்ந்த மன்னார் முசலியில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி நிலங்கள் 2012இல் ஒதுக்கப்பட்ட காடென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2025 மார்ச் 28ஆந் திகதிய வர்த்தமானி, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறும், கோராவிடின் அது அரச காணியாகுமென்றும் அறிவித்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. கடல் கடந்து வாழும் காணிக்காரருள் எத்தனை பேர் அந்த மூன்று மாதத்துள் அதனைக் கண்டிருப்பர்?

இவை கணினி செய்த தீங்குகள் என்று நாம் கூறவில்லை. ஊரைக் கேளாது கீறிய கோடு அதிகாரம் பெற்றால் என்ன நேரும் என்பதற்கே இவற்றைச் சொன்னோம். அத்தகைய கோட்டை நாடெங்கும் சில நாட்களில் கீறவல்ல கருவி கைக்கு வந்தபின், ஆபத்துப் பெருகுமேயன்றிக் குறையாது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, வாக்காளர் இடாப்பைப் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்பதுபோல, வரைவுப் படத்தையும் ஊர்ப் பெயர், வயற்பெயர், குளத்தின் பெயர் ஆகியவற்றோடு தமிழில், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் காட்சிக்கு வைக்க வேண்டும். இரண்டாவது, கணினி "இல்லை" என்று சொன்ன இடத்துக்கு ஓர் உத்தியோகத்தர் நேரிற் சென்று பாராமல், எந்த ஊரும் திட்டத்திலிருந்து நீக்கப்படலாகாது. மூன்றாவது, படமும் ஊரும் முரண்படும்போது, உறுதியும், விவசாயக் காணிப் பதிவேடும், கமக்காரர் அமைப்பின் சாட்சியமும் படத்துக்கு மேலாக மதிக்கப்பட வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலுண்டு. எந்தத் திகதியிற் பிடித்த படம், நிலத்திற் சென்று சரிபார்த்தவர் யார் என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுள் முடிவு அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். பொறியியலாளர்களே, ஆசிரியர்களே, நில அளவையாளர்களே! கைத்தொலைபேசியைக் கொண்டே கிணற்றையும் துரிசையும் மேய்ச்சல் நிலத்தையும் குறிக்க இன்று முடியும். உங்கள் ஓய்வு நாளில் ஒன்றை ஊருக்குக் கொடுங்கள். கமக்காரச் சகோதரர்களே! பெட்டியிலுள்ள உறுதியை எடுத்து வாசியுங்கள். நான்கெல்லையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வயலின் பெயரும் எல்லைமரமும் அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் கணினிப் படத்தை மறுத்துரைக்க நம்மிடம் சாட்சி இராது. ஆதலால் அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னரே, அவர்களை அழைத்துக்கொண்டு ஊரெல்லையைச் சுற்றி வாருங்கள். கண்டதை எழுதி வையுங்கள். அரசாங்கம் தன் படத்தோடு வரும்போது, நாமும் நம் படத்தோடு எதிரே நிற்போம்.