புது பிஸ்டன் போடும் முன் சிலிண்டரை அளந்து பாருங்கள்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

போன பங்குனியில் ஒரு கிராமத்துக்கு நிலக்கடலை பார்க்கப் போயிருந்தேன். பூத்து, விழுது இறங்குகிற சமயம். அப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் பாத்தி வெடித்துக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இழுக்க ஆயில் என்ஜினுக்குத் திராணி இல்லை.

"சார், இருபது நாளைக்கு முன்னாலதான் புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டேன். இப்போ முன்னைவிட மோசமாப் புகையுது" என்றார் அந்தப் பெரியவர்.

"சிலிண்டரை அளந்தீங்களா? போரிங் பண்ணினீங்களா?" என்று கேட்டேன்.

"பிஸ்டனே புதுசு, அப்புறம் போரிங் எதுக்குன்னு விட்டுட்டோம்" என்றார்.

இந்தத் தவறு பல ஊர்களில் நடக்கிறது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய், ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில் சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். எண்ணெய்ப் படலம் அங்கே மெலிந்துவிடும். ஆகவே மேல் ரிங் திரும்புகிற இடம்தான் அதிகமாகத் தேயும். அதற்கும் மேலே ரிங் படாத பகுதி தேயாமல் விளிம்பாக நிற்கும். விரலை விட்டுத் தடவினால் நகத்தில் தட்டும். இன்னொன்று, பிஸ்டன் ஓடும்போது கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்குத் திசையில் சாய்ந்து அழுத்துகிறது. அந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து, வட்டமாக இருந்த சிலிண்டர் முட்டை வடிவம் ஆகிவிடும்.

இப்படி மேலே அகன்று, வட்டமும் கெட்ட சிலிண்டருக்குள் புது ரிங்கைப் போட்டால் என்ன ஆகும்? 1500 சுற்று ஓடுகிற என்ஜினில் அந்த ரிங் நிமிஷத்துக்கு 1500 தடவை விரிந்து, 1500 தடவை சுருங்க வேண்டும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? மேலே இருக்கிற விளிம்பில் புது ரிங் இடித்து உடைவதும் உண்டு.

ஆகவே முதல் வேலை அளப்பது. கையால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சொல்வது அளவு ஆகாது. டயல் வைத்த போர் கேஜ் என்ற கருவி ரீபோரிங் பட்டறைகளில் இருக்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. ஆக மொத்தம் ஆறு அளவுகள். ஆறையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு தேய்ந்தால் போரிங் போட வேண்டும் என்பது என்ஜினோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரியவரின் என்ஜினையும் அப்படி அளந்தோம். புதிதில் 80 மில்லிமீட்டர். இப்போது கீழே 80.06, மேலே குறுக்குத் திசையில் 80.32. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் வரும். 0.25 போட முடியாது. சிலிண்டர் ஏற்கனவே அதைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. 0.50க்குத்தான் போக வேண்டும். அளக்காமல் அவர் வாங்கியிருந்ததோ பழைய அளவுப் பிஸ்டன்! பணம் வீணாகிப் போயிற்று.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். அளந்து பார்த்ததும் முதலில் பிஸ்டனையும் ரிங்கையும் வாங்குங்கள். அந்தப் பிஸ்டனைக் கையோடு பட்டறைக்குக் கொண்டுபோய், அதை அளந்து அதற்கேற்பப் போரிங் போடச் சொல்லுங்கள். போரிங் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடி அலைவது, கால் அளவு பார்க்காமல் செருப்புத் தைத்த கதைதான். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். இறுக்கமாக இருந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் தட்டும்.

சில என்ஜின்களில், தண்ணீர் நேராகப் படுகிற கழற்றக்கூடிய லைனர் இருக்கும். அதற்குப் பழையதை எடுத்துவிட்டுப் புது லைனர் போடுவதே நல்லது. பெரும்பாலும் அது போரிங், ஹோனிங் முடிந்தே வரும். ரப்பர் ரிங்குகளை மட்டும் மறக்காமல் புதிதாகப் போடுங்கள்.

போரிங் கத்தி வெட்டிய சுவரில் மரை போல வரிகள் நிற்கும். அந்தச் சுவரில் ரிங்கை ஓட்டக்கூடாது. அதனால் கத்தியால் முழு அளவுக்கும் வெட்டாமல், சுமார் 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை மிச்சம் வைத்து, அதை ஹோனிங் கல்லால் எடுப்பார்கள். கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போவதால் சுவரில் சாய்ந்த கோடுகள் பாய்ப் பின்னல் போல விழும். ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். இந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். "கண்ணாடி மாதிரி பளபளன்னு பண்ணிக் குடுங்க" என்று கேட்காதீர்கள். கண்ணாடி போன்ற சுவரில் எண்ணெய் நிற்காது, ரிங்கும் படியாது.

கடைசி அளவைச் சிலிண்டர் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். 80 மில்லிமீட்டர் சிலிண்டர் 10 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும்.

அடுத்து, எல்லோரும் கோட்டை விடுகிற இடம், கழுவுவது. ஹோனிங் கல்லின் பொடி சுவர்க் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுத் துடைத்தால் போகாது. வெந்நீர், சோப்புத் தூள், கெட்டியான பிரஷ், இந்த மூன்றும் வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்தி, வெள்ளைத் துணியில் என்ஜின் ஆயிலைத் தொட்டுத் துடையுங்கள். துணி கறுத்தால் மறுபடியும் கழுவுங்கள். துணி வெள்ளையாக வந்ததும் உடனே எண்ணெய் பூசிவிடுங்கள்; இல்லாவிட்டால் துருப் பிடிக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தப் பொடி உள்ளே இருந்தால், செலவழித்த பணத்தை எல்லாம் அதுவே அரைத்துத் தின்றுவிடும்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டரில் தனியாக விட்டு, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி உடையும். கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளைந்த ராடு பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளிப் புதுச் சிலிண்டரையும் கெடுக்கும்.

புதிதாகப் பூட்டிய என்ஜினுக்கு முதல் நாளே முழுச் சுமை கொடுக்காதீர்கள். அதற்காக வெறுமனே மணிக்கணக்கில் ஓட விடுவதும் தப்பு. ரிங் படியாமல் சுவர் வழவழப்பாகிவிடும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி, மிதமான சுமையில் ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.

எல்லாம் சரி, சிலிண்டர் ஏன் இவ்வளவு தேய்ந்தது? பெரியவரின் என்ஜினில் ஏர் கிளீனரைத் திறந்தேன். உள்ளே எண்ணெய்க்குப் பதில் சேறு! களத்துப் புழுதி அத்தனையும் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை தடவை போரிங் போட்டாலும், மறுபடியும் தேயத்தான் செய்யும்.

பெரியவர் 0.50 பிஸ்டன் வாங்கி, முறைப்படி போரிங்கும் ஹோனிங்கும் போட்டார். இப்போது என்ஜின் புகையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அந்தக் கடலை காத்திருக்கவில்லை. பாதி மூட்டைதான் வீடு வந்து சேர்ந்தது. உங்கள் என்ஜின் அதிகமாகப் புகைகிறதா, ஆயில் குடிக்கிறதா, ஹாண்டில் லேசாகச் சுற்றுகிறதா? பயிர் தண்ணீர் கேட்கிற வரை காத்திருக்காதீர்கள். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும்போதே பிரித்து, அளந்து பாருங்கள்.