நான்கு மாதக் கணக்கில் அடங்காத திருவிழா



புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு பணியாற்றப் போகிறீர்கள். உடற்குறையை மட்டும் பார்க்காதீர்கள், ஒருவர் வாழ்க்கையில் எந்த அளவு கலந்துகொள்கிறார் என்றும் பாருங்கள் என்று 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.எஃப். வகைப்பாடு சொன்னது. அந்த வழியில் அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் உருவாக்கியதுதான் பெம்-சி.ஒய். வினாப்படிவம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வீடு, பள்ளி, ஊர் என மூன்று இடங்களில் 25 வகைச் செயல்களில் எத்தனை முறை, எவ்வளவு ஈடுபாட்டோடு பங்கேற்கிறார்கள், அதில் மாற்றம் வேண்டுமா என்று அது பெற்றோரிடம் கேட்கிறது. நல்ல கருவிதான். ஆனால் தமிழாக்கிவிட்டால் மட்டும் அது நம் ஊருக்குப் பொருந்திவிடாது.

படிவம் கேட்பது கடந்த நான்கு மாதக் கணக்கு. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் அப்பாவின் தோளில் அமர்ந்து தீர்த்தவாரி பார்த்த பிள்ளையின் தாயிடம் ஆவணியில் கேட்டால், அந்த நாள் கணக்கிலேயே வராது. சம்பளத்துக்கு வேலை செய்வது பற்றியும் ஒரு கேள்வி உண்டு. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கும் நாட்டில், பெற்றோர் காதில் அது விசாரணையாகவே விழும். தாத்தாவின் கடையில் பொட்டலம் மடிக்கும் பிள்ளையின் திறமை அங்கே பதிவாகாமல் போகும்.

கேள்வியை மாற்றினால் பிற நாடுகளோடு ஒப்பிட முடியாதே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கேள்வியை வெவ்வேறாகப் புரிந்துகொண்டு சொன்ன பதில்களை ஒப்பிடுவதிலும் பயனில்லை. மூன்று இடங்களும் மூன்று அளவுகளும் அப்படியே இருக்கட்டும். கேள்விகளில் தரும் எடுத்துக்காட்டுகளும் காலவரையும் மாறட்டும். ஊருக்கேற்ப மாற்றுவது புதிதல்ல: சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான இந்தப் படிவத்தின் இணைக் கருவியைச் சிங்கப்பூருக்குப் பொருத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்திருக்கிறது. இன்னொரு தரப்பு, நம் வீடுகளில் குழந்தைக்கு எல்லாவற்றையும் பெரியவர்களே செய்வது பண்பாடு, அதைக் குறையாக எழுதலாமா என்று கேட்கும். குறையென்று தீர்ப்பெழுத வேண்டாம். ஆனால் பண்பாடு என்று சொல்லி விட்டுவிடவும் வேண்டாம். அதே வீட்டில் உடன்பிறந்தவர் தானே சோறு போட்டுச் சாப்பிடும்போது இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிடுகிறார்கள் என்றால், அந்த வேறுபாடு பதிவாக வேண்டும்.

எனவே, படிவத்தை நிரப்பும் முன் ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று சில பெற்றோரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேசவோ சைகை காட்டவோ முடிந்த பிள்ளையிடமும் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தில் முழுப் பங்கேற்பை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை கிடைத்ததா என்பதைத் தவறான கேள்வியால் அளக்க முடியாது. கேள்வியைச் சரிசெய்வதும் உங்கள் தொழிலின் பகுதியே.