ஆலைத் தொழிலாளியும் ஆயிரம் பக்க நாவலும்

(ஆலைப் பகுதி வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீண்ட நாவல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டார்கள். நான் பண்டிதனல்ல. பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டது. பஸ்ஸிலும், கோர்ட்டு வராந்தாவிலும், லேபர் ஆபீஸ் பெஞ்சிலும் உட்கார்ந்து படித்தவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன். சமரசப் பேச்சு காலை 10 மணிக்கு என்று நமக்குக் கடிதம் வரும். முதலாளி தரப்பு 12 மணிக்கு வந்து சேரும். அந்த இரண்டு மணி நேரம் யாருக்கு நஷ்டமோ, எனக்கு லாபம். டால்ஸ்டாயின் பெரிய நாவலில் பாதியை அந்தப் பெஞ்சில்தான் படித்தேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தோழர், ரிங் பிரேமில் வேலை செய்கிறவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தோழர், எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா உடம்பு எப்படா கீழே விழும்னு பாக்குது. சின்னக் கதைன்னா சரி. எழுநூறு பக்கம், ஆயிரம் பக்கம்னா அது சோபாவில சாஞ்சு படிக்கிறவங்களுக்கு எழுதினது தானே?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பெரிய நாவல்களில் பல, ஒரே மூச்சில் படிப்பதற்காகப் பிறந்தவையே அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' 1844 முதல் 1846 வரை ஒரு தினசரிப் பத்திரிகையில் துண்டு துண்டாக வெளிவந்தது. டால்ஸ்டாயின் நாவல் 1865-ல் ஒரு மாத இதழில் தொடங்கியது. முழுமையாகப் புத்தகமாகி முடிய 1869 ஆயிற்று. டி.எஸ். சொக்கலிங்கம் அதை 'போரும் வாழ்வும்' என்று தமிழாக்கித் தந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்ததுதானே! மூன்றரை ஆண்டுக் காலம் ஜனங்கள் வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகப் படித்தார்கள். ராஜாக்களின் கதையைப் பற்றி எனக்குத் தனி அபிப்பிராயம் உண்டு, அது இருக்கட்டும். படித்த விதத்தைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் படிப்பார், எழுத்துத் தெரியாத பாட்டி உட்பட மற்றவர்கள் கேட்பார்கள்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் நாள் கணக்காகப் பாரதம் படிப்பதும், இரவெல்லாம் கூத்து நடப்பதும் உங்களுக்குத் தெரியும். நாள் முழுதும் நடவு நட்டுவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஜனங்கள் நாம். பதினெட்டு நாள் சண்டையில் யார் யாரை வீழ்த்தினான் என்று ஒரு பெயர் விடாமல் சொல்லுவோம். நமக்கா நீளமான கதை ஒத்துவராது?

இனி கியூபாவுக்கு வருகிறேன். ஏனென்றால், நீங்கள் கேட்ட கேள்விக்குச் சுருட்டுத் தொழிலாளர்கள் அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஹவானா சுருட்டு உலகப் பிரசித்தம். அதைச் சுற்றியவர்கள் பெரிய கொட்டகையில் வரிசை வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராமல் இலையைச் சுருட்டினார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருந்தது. 1865-ஆம் ஆண்டு எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. ஒருவர் உரக்கப் படிப்பது, மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்பது. படிக்கிறவருக்குக் கூலி யார் கொடுத்தார்கள்? முதலாளியா? இல்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்கள். அதனால், என்ன படிப்பது என்று தீர்மானிக்கிற உரிமையும் அவர்களுக்கே இருந்தது. ஒரு நாவல் முடிந்தால் அடுத்தது எது என்று ஓட்டெடுப்பார்கள். பத்திரிகைச் செய்தி ஒரு வேளை, நாவல் ஒரு வேளை. உயரமான மேடை போட்டு அதில் படிப்பவரை உட்கார வைப்பார்கள். படித்தது பிடித்துவிட்டால் கைதட்டுவதற்குப் பதிலாக, இலை வெட்டும் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். கொட்டகை முழுவதும் அந்தச் சத்தம் எழும்பினால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அவர்கள் கேட்டது என்ன, துணுக்குகளா? டூமா, விக்டர் ஹியூகோ, ஸொலா. எல்லாம் தலையணை தலையணையான புத்தகங்கள். ஹியூகோவின் நாவலைத்தான் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். கேட்டவர்களில் பலருக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் ஜீன் வால்ஜீன் என்ன செய்திருக்க வேண்டும் என்று வாதாடத் தெரியும். இன்றைக்கும் மாண்டி கிறிஸ்டோ என்ற பெயரில் கியூபாவில் ஒரு சுருட்டு விற்கிறது. அந்த நாவலின் மேல் தொழிலாளர்களுக்கு இருந்த மோகத்தால் வந்த பெயர் என்று சொல்லுகிறார்கள்.

சரி, கதை கேட்பதில் யாருக்கு என்ன ஆபத்து? ஆபத்து இருக்கிறது என்று ஸ்பானிய ஆட்சிக்குத் தோன்றியது. 1866 மே மாதத்தில், படிப்பு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, தொழிற்சாலையில் புத்தகமோ பத்திரிகையோ படிக்கக் கூடாது என்று கவர்னர் தடையுத்தரவு போட்டார். தொழிலாளியின் கவனம் வேலையிலிருந்து சிதறுகிறதாம்! தடையையும் மீறி அந்த வழக்கம் பிழைத்தது. கடல் தாண்டி அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பிழைக்கப் போன கியூபத் தொழிலாளர்கள், படிப்பவரையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே டாம்பா நகரத்துச் சுருட்டு முதலாளிகள் 1931-ல் படிக்கும் மேடைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேடை இருந்த இடத்தில் பிற்பாடு ரேடியோ வந்தது. ரேடியோவை யார் திருகுகிறார்களோ அவர்கள் இஷ்டப்படிதான் அது பேசும். ஓட்டெடுக்க முடியுமா?

நம் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் பத்திரிகையும் நாவலும் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் கூலி குறையாதபடி ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவர் கணக்கில் சேர்த்தார்கள். எந்தப் பாட புத்தகமும் இவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆலையில் இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஸ்பின்னிங் இரைச்சலில் பக்கத்து சைடுக்காரர் கத்தினாலே காதில் விழாது. ஆகையால் ஆலைத் தொழிலாளிக்குப் படிப்பு என்பது வேலைக்கு வெளியே கிடைக்கும் நேரம். அந்த நேரம் எப்படிக் கிடைத்தது? 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று வைத்திருந்தது. 1922-ல் 11 மணி ஆயிற்று, 1934-ல் 10 மணி. 1946 சட்டத் திருத்தத்தில்தான் வாரத்துக்கு 48 மணி என்று வந்தது. ஒவ்வொரு மணிக்கும் பின்னால் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை சிறை! 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்றன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அன்றைக்கு நாம் சம்பளத்தையும் உடம்பையும் பற்றிப் பேசினோம். படிக்கிற நேரத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம். 12 மணி வேலை, போக வர இரண்டு மணி என்றால், நாவல் கிடக்கட்டும், பெற்ற பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பது?

நேரம் என்று பேசும்போது தாய்மார்களை விட்டுவிட முடியாது. ஆண் தோழர்களுக்கு ஷிப்ட் முடிந்தால் டீக்கடை உண்டு. பெண் தோழர் அரை நைட் முடித்து வந்தாலும், முழு நைட் முடித்து வந்தாலும் அடுப்பு அங்கேயே காத்திருக்கிறது. "படிக்கணும்னு ஆசைதான் தோழர், புஸ்தகத்தை எடுத்தா கை நிறைய வேலை இருக்கே" என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். கியூபா முறையை வீட்டில் செய்து பாருங்கள். அவர் வேலை செய்யும்போது நீங்கள் படியுங்கள். அதைவிட உத்தமம், நீங்கள் வெங்காயம் அரியுங்கள், அவர் படிக்கட்டும். கண்ணீர் வந்தால் கதையினால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். கணக்கு மிகவும் எளிது. ஒரு நாளைக்கு 10 பக்கம். இருபது நிமிஷம் அல்லது அரை மணி. மாதத்தில் 300 பக்கம். 700 பக்க நாவல் 70 நாளில் முடிந்துவிடும். செல்போனில் நாம் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற நேரத்தில் பாதிகூட ஆகாது. போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. புத்தகத்தைப் படிக்கக் கேட்பதற்கும் அதில் இன்று வசதி இருக்கிறது.

ரஷ்ய நாவலை எடுத்தவர்கள் பலர் இருபதாவது பக்கத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் நீளமல்ல, பெயர்கள். ஒரே ஆளுக்கு நாலு பெயர் வருகிறது என்று மிரண்டுவிடுகிறார்கள். இதில் மிரள என்ன இருக்கிறது? ரேஷன் கார்டில் சுப்பிரமணியன். வீட்டில் மணி. மில்லில் டோக்கன் நம்பர். ஊரில் "கருப்பன் மகன்". நாலும் ஒரே ஆள்தானே? கார்க்கியின் 'தாய்' நாவலில் வரும் அம்மாவின் பெயர் பெலகேயா நீலவ்னா. நீலவ்னா என்றால் நீல் என்பவரின் மகள் என்று அர்த்தம், நம் ஊர்க் கணக்குத்தான். மகன் பாவெல், அவள் செல்லமாகக் கூப்பிட்டால் பாஷா. புத்தகத்தின் முன்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பக்கம் போனபின் அந்தச் சீட்டே தேவைப்படாது.

'தாய்' நாவலை ஏன் முதலில் சொல்லுகிறேன் என்றால், அது ஆலைச் சங்கு ஊதுவதில் தொடங்குகிறது. சொர்மோவோ என்ற தொழிலாளர் ஊரில் 1902-ல் நடந்த மே தின ஊர்வலத்தையும், அதில் கைதான ஒரு தொழிலாளியையும் அவருடைய தாயையும் மனதில் வைத்து கார்க்கி 1906-ல் எழுதினார். நம் தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கினார். அந்த அம்மாளுக்கு வயது நாற்பது. புருஷனிடம் அடிபட்டே காலம் கழித்தவள். நாற்பது வயதில் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள், அதையும் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு. ஒரு சிறுகதையில் இதைச் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். பயந்து நடுங்கிய ஒரு மனுஷி பயம் தெளிகிறாள் என்றால், அது ஒரே நாளில் நடக்கிற காரியமா? நாமும் அவளோடு இரண்டு மாதம் கூடவே நடந்தால்தான் அது நமக்குத் தெரியும். நீளம் எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான்.

நீளமாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தை நிரப்ப எழுதியவையும் உண்டு. நூறு பக்கம் படித்தும் ஒரு மனிதனும் கண்ணில் தென்படவில்லையென்றால் மூடி வையுங்கள், பாவமில்லை.

நம் தமிழிலேயே நம்மைப் பற்றிய நாவல்கள் இருக்கின்றன. நெசவாளிகளைப் பற்றி ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', 1953-ல் வந்தது. விவசாயத் தொழிலாளிகளுக்கு கு. சின்னப்ப பாரதியின் 'தாகம்', ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்'. தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பற்றி அவரே எழுதிய 'கரிப்பு மணிகள்'. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' சுமார் 700 பக்கம். 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. இவை விலைக்கு வாங்க முடியாவிட்டால் கிளை நூலகத்தில் கேளுங்கள். 1948 நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வாங்குகிறார்கள். நாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் திறந்து, வரும் நேரத்தில் மூடினால், நேரத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்போம். இல்லாத புத்தகத்துக்கும் கேட்டு எழுதி வைப்போம்.

நம் வாசகசாலை பீரோவில் 'தாய்' மூன்று பிரதி இருக்கிறது. ஒன்றில் கடைசிப் பக்கங்கள் சில இல்லை, எடுத்துப் போனவர் யாரென்று தெரிந்தால் தேவலை. வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு முதல் அத்தியாயத்தை உரக்கப் படிக்கத் தொடங்குகிறோம். பிறகு வாரம் ஒரு நாள். எழுத்துத் தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். படிக்க இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன, ஒருவர் கார்டிங் தோழர், இன்னொருவர் நடவுக்குப் போகும் ஒரு சகோதரியின் மகள். நான் இறங்கியதும் தலைவர் ஓட்டெடுப்பார், யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.